நனைந்த ஜமக்காளம்

போன ஐப்பசியில் தீபாவளிக்குக் குமாரபாளையம் போயிருந்தோம். விடிய இன்னும் ஒரு மணி நேரம் இருக்கும். பின்கட்டுக் குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் கேட்டு எழுந்து போனேன். விளக்கைக்கூடப் போடாமல் இருட்டுக்குள் குந்தி உட்கார்ந்து என் எட்டு வயது மகன் விரிப்பை அலசிக்கொண்டிருந்தான். குழாயைத் திறந்தால் வீடு விழித்துக்கொள்ளும் என்று வாளியிலிருந்து கையால் மொண்டு மொண்டு ஊற்றியிருக்கிறான். என்னைப் பார்த்ததும் விரிப்பை முதுகுக்குப் பின்னால் மறைத்தான். "அப்பத்தா எழுவதற்குள் இது காய்ந்துவிடுமா அப்பா?" என்று கேட்டான்.

எனக்கு நாக்கு எழவில்லை. அந்தக் குளியலறை இருக்கும் இடத்தில் முன்பு ஒரு துவைகல் இருந்தது. தூக்கத்தில் படுக்கையை நனைத்துவிட்டு, அந்தக் கல்லருகே, ஏறக்குறைய அதே நேரத்தில், அதே கேள்வியோடு நானும் நின்றிருக்கிறேன். ஒருநாள் இரண்டு நாள் அல்ல, பதினொரு வயது வரைக்கும். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. திருமணமாகிப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆன மனைவியிடமும் சொன்னதில்லை.

எங்கள் வீடு தறிக்காரர் வீடு. அப்பாவுக்கு நான்கு விசைத்தறிகள். பட்டறைக்கும் நாங்கள் படுக்கும் ஆசாரம் என்ற கூடத்துக்கும் நடுவே ஒரு சுவர்தான். இரவு முழுக்கத் தறி ஓடும். மின்சாரம் நின்று தறி ஓய்ந்தால்தான் வீட்டில் எல்லோருக்கும் விழிப்பு வரும். அந்த அமைதியே எழுப்பிவிடும் என்று அம்மா சொல்வார். நான் மட்டும் தறி ஓடினாலும் எழமாட்டேன், நின்றாலும் எழமாட்டேன். அம்மா பிறந்த ஊர் ஆற்றுக்கு அந்தப் பக்கம், பவானி. சீரோடு வந்த ஜமக்காளங்களில் சிவப்புக் கோடு போட்ட ஒன்றை எனக்கென்று ஒதுக்கிவிட்டார்கள். பவானி ஜமக்காளத்தின் கனம் அதில் படுத்தவர்களுக்குத் தெரியும். நனைந்த ஜமக்காளத்தின் கனம் அதைத் தூக்கிய அம்மாவுக்குத் தெரியும். தடித்த நூல். நல்ல வெயிலிலும் முழுதாகக் காய ஒரு பகல் பிடிக்கும். அதனால் அது தினமும் வாசல் மதில்மேல் கிடந்தது. தெருவில் போகிறவர்கள் எல்லோருக்கும் அன்றைய இரவு எப்படிப் போனது என்பதை அந்தச் சிவப்புக் கோடுகள் சொல்லிவிடும். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது தெருமுனையில் நின்று முதலில் மதிலைத்தான் பார்ப்பேன். இன்னும் எடுக்கவில்லை என்றால் கூட வரும் பையன்களை வேறு சந்து வழியாக இழுத்துக்கொண்டு போவேன்.

வைத்தியம் நடக்காமல் இல்லை. எள்ளும் வெல்லமும் இடித்து உருண்டை பிடித்து அப்பத்தா தினமும் இரண்டு கொடுத்தார். மந்திரித்த கறுப்புக் கயிறு இடுப்பில் ஏறியது. சின்னத்தாத்தா ஒருவர் கரண்டியை அடுப்பில் காய்ச்சிக் கொண்டுவந்து, "இனி நனைத்தால் சூடு" என்று தொடைக்குப் பக்கத்தில் காட்டினார். சூடு வைக்கவில்லை, காட்டத்தான் செய்தார். ஆனால் அந்த வாரம் முழுக்க நான் ஒவ்வோர் இரவும் இரண்டு முறை மூன்று முறை நனைத்தேன். எள்ளுருண்டையைப் பற்றி எனக்கு வருத்தமே இல்லை. அது நல்ல தின்பண்டம், அப்பத்தாவின் கை அன்பு அதில் இருந்தது. ஆனால் அதனால் இது நின்றதாக நான் சொல்லமாட்டேன். கரண்டியைப் பற்றி வருத்தம் இன்றும் இருக்கிறது.

எல்லாவற்றையும்விடக் கொடுமை கல்யாண வீடுகள். முகூர்த்தத்துக்கு முந்தைய இரவு மண்டபத்தில் நீளமாக ஜமக்காளம் விரித்து, பிள்ளைகளை எல்லாம் வரிசையாகப் படுக்கவைப்பார்கள். மாமன் பிள்ளைகள், அத்தை பிள்ளைகள், சித்தப்பா பிள்ளைகள். அந்த வரிசையில் படுக்க நான் எவ்வளவு ஏங்கினேன் என்று சொல்லத் தெரியவில்லை. சமையல்கட்டுப் பக்கம் போய், காய் நறுக்குகிறவர்களோடு விடிய விடிய உட்கார்ந்துவிடுவேன். "பையனுக்கு வேலையில் என்ன அக்கறை!" என்று பாராட்டுவார்கள்.

பதினொரு வயதில் அது நின்றது. ஏன் நின்றது என்று யாருக்கும் தெரியாது. வேண்டுதல் பலித்ததாக வீட்டில் முடிவுசெய்து கோயிலுக்குப் போய் மொட்டை அடித்துக்கொண்டு வந்தோம். பிறகு அதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை.

மகன் விஷயத்துக்கு வருகிறேன். ஐந்து வயது வரை நாங்கள் இதைப் பொருட்படுத்தவில்லை. ஆறானது, ஏழானது. திருப்பூரில் நாங்கள் இருப்பது வாடகை வீடு, மேல்மாடி. மாடிக் கொடியில் விரிப்பு காய்வதை வீட்டுக்காரர் பார்ப்பார் என்பது மனைவியின் கவலை. மாலை ஆறு மணிக்கு மேல் அவனுக்குத் தண்ணீர் கொடுப்பதை நிறுத்தினோம். இரவு பன்னிரண்டுக்கு நான், மூன்றுக்கு அவள் என்று முறை வைத்து அவனைத் தூக்கிக்கொண்டுபோய்க் கழிப்பறையில் நிறுத்தினோம். கண்ணைத் திறக்காமலே போவான், திரும்பிப் படுத்து நாலரைக்கு நனைப்பான். நான் ஒரு பனியன் நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறவன். மாதக் கடைசியில் தூக்கமே இருக்காது. அப்படி ஒரு விடியலில் அவனைப் பார்த்து, "உனக்கு வெட்கமாக இல்லையா?" என்று கத்திவிட்டேன். அவன் அழவில்லை. தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அந்தக் கேள்வியை என் சின்னத்தாத்தா கேட்ட அதே தொனியில் நான் கேட்டிருந்தேன். அதற்குப் பிறகுதான் அவன் இருட்டில் எழுந்து தானே துவைக்க ஆரம்பித்தான் என்று நினைக்கிறேன்.

தீபாவளி முடிந்து ஊர் திரும்பிய வாரமே குழந்தை மருத்துவரிடம் போனோம். அறுபது வயதைத் தாண்டிய அம்மையார். என்னை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் அவனிடம் பேசினார். "நீ வேண்டுமென்று செய்கிறாயா, கண்ணு?" என்றார். அவன் இல்லை என்று தலையாட்டினான். "எனக்குத் தெரியும். உன் அப்பா அம்மாவுக்கும் தெரிய வேண்டும் என்பதற்காகக் கேட்டேன்" என்றார். அந்த அறையில் என் மகனின் தோள் இரண்டும் இறங்கியதைப் பார்த்தேன்.

பிறகு அவர் கேட்ட கேள்விகள் நாங்கள் எதிர்பார்த்தவை அல்ல. பகலில் கால்சட்டை நனைகிறதா? ஓடிப்போய்த்தான் சேர்கிறானா, காலைப் பின்னிக்கொண்டு நிற்கிறானா? சிறுநீர் வரும்போது எரிகிறதா? குறட்டை விடுகிறானா, வாயால் மூச்சு விடுகிறானா? எப்போதாவது ஆறு மாதம் தொடர்ந்து நனைக்காமல் இருந்திருக்கிறானா? அப்புறம், வயிறு தினமும் போகிறதா, போனால் வாழைப்பழம்போல் வருகிறதா, ஆட்டுப் புழுக்கைபோல் வருகிறதா? மனைவி என்னைப் பார்த்தாள். எங்கள் இருவருக்குமே அது தெரியவில்லை. மகன்தான் மெல்லச் சொன்னான், "ஆட்டுப் புழுக்கை."

படுக்கையை நனைப்பதற்கும் மலச்சிக்கலுக்கும் என்ன தொடர்பு என்று அதுவரை எனக்குத் தெரியாது. சிறுநீர்ப்பைக்குப் பின்னாலேயே மலக்குடல் இருக்கிறது. அங்கே இறுகிய மலம் நாள்கணக்கில் தங்கினால் அது சிறுநீர்ப்பையை முன்னால் நெருக்கும். பை விரிய இடம் குறையும், அடிக்கடி சுருங்கித் துடிக்கும். பல குழந்தைகளுக்கு மலச்சிக்கலைச் சரிசெய்தாலே இரவு நனைவது குறைந்துவிடுகிறது என்றார். சிறுநீரில் சர்க்கரையும் தொற்றும் இருக்கின்றனவா என்று ஒரு சாதாரணப் பரிசோதனை செய்தார். முதுகின் அடிப்பக்கத்தில் குழியோ மயிர்க்கற்றையோ இருக்கிறதா என்று பார்த்தார், நடக்கச் சொல்லிப் பார்த்தார். ஸ்கேன் எதுவும் எழுதவில்லை. வீட்டுக்கு ஒரு வேலை கொடுத்தார்: அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் குவளை ஒன்று வாங்கி, சனி ஞாயிறு இரண்டு நாளும் அவன் எப்போது எவ்வளவு போகிறான் என்று குறித்து வரவேண்டும்.

கணக்கு எழுதுகிறவனுக்கு இது பிடித்த வேலை. வயதோடு ஒன்றைக் கூட்டி 30ஆல் பெருக்கினால் அந்த வயதுக் குழந்தையின் சிறுநீர்ப்பை ஏறக்குறைய எத்தனை மில்லி கொள்ள வேண்டும் என்பது தெரியும். எட்டு வயதுக்கு 270. காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீரைச் சேர்க்காமல், என் மகன் அந்த இரண்டு நாளில் அதிகபட்சமாகப் போனது 160 மில்லி. அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஒரு படி பாத்திரத்தில் இரண்டு படி ஊற்றிவிட்டு, ஏன் வழிகிறாய் என்று பாத்திரத்தைத் திட்டியிருக்கிறேன்.

மருத்துவர் விளக்கியதை நான் புரிந்துகொண்டபடி சொல்கிறேன். இரவில் மூளை வாசோபிரசின் என்ற ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்கும். அது சிறுநீரகங்களுக்கு, 'இப்போது தண்ணீரைப் பிடித்து வை' என்று சொல்லும். அதனால்தான் நாம் எட்டு மணி நேரம் எழாமல் தூங்குகிறோம். சில குழந்தைகளுக்கு இந்த இரவுச் சுரப்பு முறைப்படத் தாமதமாகிறது, இரவிலும் பகலைப்போலவே சிறுநீர் ஊறுகிறது. சிலருக்குப் பை சிறியது, அல்லது நிரம்பும் முன்பே சுருங்குகிறது. இந்த இரண்டில் எது இருந்தாலும், பை நிறைந்த செய்தி மூளைக்குப் போய் விழிப்பு வந்துவிட்டால் குழந்தை எழுந்து போய்விடும். அந்த விழிப்புதான் வருவதில்லை. சோம்பலோ பிடிவாதமோ இதில் எங்கேயும் இல்லை. 1997இல் கனடாவில் செய்த ஓர் ஆய்வில், படுக்கையை நனைக்கும் சிறுவர்களின் காதில் 120 டெசிபல் வரை ஒலியைக் கூட்டி எழுப்பிப் பார்த்திருக்கிறார்கள். நூறு முயற்சியில் ஒன்பது முறைதான் எழுந்தார்கள். மற்றச் சிறுவர்கள் நாற்பது முறை எழுந்தார்கள். அதைப் படித்தபோது சுவருக்கு அந்தப் பக்கம் நான்கு தறி ஓடிய என் இரவுகள் நினைவுக்கு வந்தன. என்னை எழுப்ப முடியாமல் அப்பா தோளைப் பிடித்து உலுக்கிவிட்டு, "எருமை" என்று சொல்லிப் போனதும் நினைவுக்கு வந்தது.

எண்களும் எனக்கு ஆறுதலாக இருந்தன. ஐந்து வயதில் நூறு குழந்தைகளில் ஏறக்குறைய 15 பேர் இரவில் நனைக்கிறார்கள். அதனால்தான் ஐந்து வயதுக்கு முன் மருத்துவர்கள் இதை ஒரு கோளாறாகவே எடுத்துக்கொள்வதில்லை. அதன் பிறகு ஒவ்வோர் ஆண்டும், நனைத்துக்கொண்டிருப்பவர்களில் நூற்றுக்கு 15 பேர் அளவில் தானாகவே நின்றுவிடுகிறார்கள். பத்து வயதிலும் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில் மிச்சம் இருக்கிறார்கள். பையன்கள் பெண் பிள்ளைகளைப்போல் இரண்டு மடங்கு. என் மகனின் வகுப்பில் நாற்பது பேர். அப்படியென்றால் அந்த வகுப்பில் இன்னும் இரண்டு மூன்று வீட்டில் இதே விரிப்பு இதே ரகசியத்தோடு காய்ந்துகொண்டிருக்க வேண்டும்.

கடைசியாக மருத்துவர் கேட்டார். "உங்கள் இருவரில் யாருக்காவது சின்ன வயதில் இது இருந்ததா?"

மனைவி இல்லை என்றாள். நான் பேசாமல் இருந்தேன். மருத்துவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு பொறுமையாக இருந்தார். பெற்றோர் இருவருக்கும் இருந்திருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு நூற்றுக்கு 77, ஒருவருக்கு என்றால் 44, யாருக்கும் இல்லையென்றால் 15 என்றார். 1995இல் டென்மார்க்கில் குடும்பங்களை ஆராய்ந்து பதின்மூன்றாவது குரோமோசோமில் இதற்குத் தொடர்புள்ள ஓர் இடத்தைக் கண்டிருக்கிறார்கள் என்றும் சொன்னார். நான் மகனைப் பார்த்துத்தான் சொன்னேன், "எனக்கு இருந்தது. பதினொரு வயது வரைக்கும்."

அவன் என்னை நம்பவில்லை. வீட்டுக்குப் போகும் வழியில் வண்டியின் பின்னால் உட்கார்ந்துகொண்டு, "உண்மையாகவா?" என்று மூன்று முறை கேட்டான். அப்பத்தாவிடம் போனில் கேட்டு உறுதிசெய்துகொண்டான். அம்மா அப்போது சொன்ன ஒன்று எனக்கே புதிது. பவானியில் இருந்த பெரிய மாமாவும் ஆறாம் வகுப்பு வரை இப்படித்தானாம். அப்புச்சி, அதாவது அம்மாவின் அப்பா, அவரைத் தறிக்குழிப் பக்கத்தில் தனியாகப் படுக்கவைப்பாராம். "அப்படியென்றால் எனக்கு ஏன் சொல்லவில்லை, அம்மா?" என்று கேட்டேன். "உனக்கு எதற்கு சாமி அந்த வருத்தம் என்று விட்டுவிட்டேன்" என்றார். மாமா இப்போது இல்லை. நான் சிறுவனாக இருந்தபோது, மண்டபத்துச் சமையல்கட்டில் விடிய விடிய என் பக்கத்தில் உட்கார்ந்து தேங்காய் துருவியவர் அவர்தான்.

மூன்று தலைமுறையாக ஒரே வீட்டில் ஓடிவந்த ஒன்றை, ஒவ்வொரு பிள்ளையும் தனக்கு மட்டும் வந்த கேடு என்று நினைத்துச் சுமந்திருக்கிறது. பெரியவர்கள் மானம் காப்பதாக நினைத்து மூடி வைத்தோம். அந்த மூடலின் கனம் முழுவதும் பிள்ளையின் தலையில் இறங்கியது. எனக்கு மருத்துவர் கொடுத்த மருந்துகளில் பெரியது அந்த ஒரு கேள்விதான்.

என்ன செய்தோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதல் ஆறு வாரம் இரவைத் தொடவே இல்லை, பகலைத்தான் திருத்தினோம். பள்ளிக்குக் கொண்டுபோகும் தண்ணீர்ப் புட்டி மாலையில் கொண்டுபோனபடியே திரும்பி வருவதை மனைவி முன்பே கவனித்திருந்தாள். கேட்டால், பள்ளிக் கழிப்பறை நாறுகிறது, அதனால் குடிப்பதில்லை, போவதும் இல்லை என்றான். பகல் முழுக்கக் காய்ந்து கிடந்துவிட்டு மாலையில் வீட்டுக்கு வந்ததும் மூன்று டம்ளர் மடமடவென்று குடிப்பான். நாங்களோ ஆறு மணிக்குமேல் தண்ணீரை நிறுத்திவிட்டோம், அந்தத் தாகத்தோடு அவன் தூங்கப்போவான். இதை மாற்றினோம். காலையிலும் மதியத்திலும் பெரும்பங்கு, மாலைக்குமேல் ஐந்தில் ஒரு பங்கு. இரண்டு இரண்டரை மணிக்கு ஒருமுறை, வந்தாலும் வராவிட்டாலும், போய்வர வேண்டும். வகுப்பாசிரியையிடம் நேரில் போய்ச் சொன்னேன். சொல்லும்போது தொண்டை அடைத்தது. அவர் ஆசிரியர்களுக்கான கழிப்பறையை அவனுக்குத் திறந்துவிட்டார், வேறு ஒரு வார்த்தையும் பேசவில்லை.

மாலைத் தேநீரை நிறுத்தினோம். அதில் உள்ள கஃபீன் சிறுநீரைத் தூண்டும். நம் பக்கத்தில் பிள்ளைகளுக்கு நான்கு வயதிலேயே டம்ளரில் டீ ஊற்றிக் கொடுத்துவிடுகிறோம். சாப்பாட்டில் கொள்ளுப்பருப்பு, தட்டைப்பயறு, கீரை, கொய்யா. மருத்துவர் எழுதிக் கொடுத்த மலமிளக்கி ஒன்று. காலைச் சாப்பாடு முடிந்ததும், கால் தரையில் படும்படி ஒரு முக்காலி போட்டு, பத்து நிமிடம் உட்காரவைத்தோம். ஒரு மாதத்தில் ஆட்டுப் புழுக்கை போயிற்று. வாரத்தில் ஏழு நாள் நனைந்தது நான்காக, ஐந்தாகக் குறைந்தது.

நடு இரவில் தூக்கிக்கொண்டு போவதையும் விட்டுவிட்டோம். அது விரிப்பைக் காப்பாற்றும், பிள்ளைக்கு எதையும் கற்றுத் தராது என்றார் மருத்துவர். நனைக்காத நாளுக்குப் பரிசு கொடுப்பதும் வேண்டாம் என்றார். தூக்கத்தில் தன்னை அறியாமல் நிகழ்வதற்குப் பரிசு கொடுத்தால், பரிசு கிடைக்காத நாளில் அது தண்டனையாகிவிடும். தண்ணீர் குடித்ததற்கு, விரிப்பு மாற்ற உதவியதற்கு, அவன் கையில் இருக்கும் வேலைகளுக்கு, பாராட்டுங்கள் என்றார். இது எனக்கு மிகவும் நியாயமாகப் பட்டது.

அதன் பிறகு அலாரம் வந்தது. உள்ளாடையில் ஈரம் பட்டவுடன் ஒலிக்கும் ஒரு சிறு கருவி. இதன் தொடக்கத்தைப் பற்றியும் படித்தேன். பிஃபான்ட்லர் என்ற குழந்தை மருத்துவர் 1904இல், வார்டில் எந்தக் குழந்தை நனைந்திருக்கிறது என்று செவிலியர்களுக்குத் தெரிவிப்பதற்காக ஒரு மணியை அமைத்தார். துணி மாற்றுவதற்காக வைத்த மணி. சில வாரங்களில் குழந்தைகள் நனைப்பதே குறையத் தொடங்கியதைக் கண்டார். 1938இல் அமெரிக்காவில் மவ்ரர் தம்பதியர் அதையே சிகிச்சை முறையாக ஆக்கினார்கள். பயன்படுத்தும் குழந்தைகளில் மூன்றில் இரண்டு பங்கினருக்குப் பலன் தருகிறது, ஆனால் இரண்டு மூன்று மாதம் விடாமல் செய்ய வேண்டும். தொடர்ந்து 14 இரவு நனையாமல் இருக்கும்வரை நிறுத்தக் கூடாது.

முதல் பத்து நாள் அலாரம் எங்கள் எல்லோரையும் எழுப்பியது, அவனைத் தவிர. கீழ்வீட்டுக்காரர் எழுந்துவிட்டார். ஒவ்வொரு முறையும் நான் போய் அவனை உட்காரவைத்து, பெயர் சொல்லி, அவன் கண் திறந்து பதில் சொன்ன பிறகே அலாரத்தை அவன் கையாலேயே நிறுத்தச் சொல்லிக் கூட்டிப்போனேன். அந்த முழு விழிப்புத்தான் முக்கியம். மூன்றாவது வாரத்தில், விரிப்பில் நனைந்த வட்டம் சிறியதாக இருந்தது. பாதியிலேயே அவன் உடம்பு நிறுத்தியிருக்கிறது. அந்தச் சின்ன வட்டத்தைப் பார்த்து மனைவி அழுதுவிட்டாள்.

மாத்திரையும் இருக்கிறது. டெஸ்மோபிரசின். அந்த வாசோபிரசினைப்போலவே வேலை செய்யும், சாப்பிட்ட இரவு சிறுநீர் குறைவாக ஊறும். வெளியூர் இரவுகளுக்கு உதவும். பள்ளியிலிருந்து ஊட்டிக்கு ஓர் இரவுச் சுற்றுலா போனபோது, முன்கூட்டியே வீட்டில் கொடுத்துப் பார்த்துவிட்டு, அவனுக்குக் கொடுத்து அனுப்பினோம். இதில் ஒரே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும்: மாத்திரைக்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து, போட்டபின் எட்டு மணி நேரம் வரை, தண்ணீரோ பாலோ மிகக் குறைவாகத்தான் குடிக்க வேண்டும். இல்லாவிட்டால் இரத்தத்தில் சோடியம் இறங்கி வலிப்புவரை போகலாம். காய்ச்சலோ வாந்தி பேதியோ இருந்தால் அன்று போடக் கூடாது. இந்த ஆபத்தின் காரணமாகவே 2007இல் அமெரிக்காவில் மூக்கில் அடிக்கும் வடிவத்தைப் படுக்கை நனைப்பதற்குத் தரக் கூடாது என்று அறிவித்தார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்தார்கள் என்று கடையில் நீங்களே கேட்டு வாங்காதீர்கள்.

இனிச் சொல்வதை, இக்கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் மறக்காதீர்கள். என்னோடு வேலை செய்பவரின் மகள், ஆறு வயது. மூன்று வயதிலேயே நனைப்பதை விட்டுவிட்ட பிள்ளை. திடீரென்று மீண்டும் நனைக்க ஆரம்பித்தாள். எதையோ பார்த்துப் பயந்துவிட்டாள் என்று வீட்டில் சொன்னார்கள், இரண்டு இடத்தில் மந்திரித்தார்கள். தண்ணீர் நிறையக் குடித்தாள். வெயில் என்று நினைத்தார்கள். உடம்பு இளைத்தது. வளர்கிறாள் என்று நினைத்தார்கள். அவள் சிறுநீர் போன இடத்தில் எறும்பு மொய்ப்பதைப் பாட்டி பார்த்துச் சொன்ன மூன்றாம் நாள், மூச்சு வாங்க, நினைவு தப்பித் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போனாள். முதல் வகைச் சர்க்கரை நோய். பிழைத்துவிட்டாள். இன்சுலின் போட்டுக்கொண்டு நன்றாகப் படிக்கிறாள். ஆறு மாதத்துக்கு மேல் உலர்ந்திருந்த பிள்ளை திரும்ப நனைத்தால் காரணம் தேடியே ஆக வேண்டும். தீராத தாகம், எடை குறைவு, சிறுநீர் எரிச்சல், காய்ச்சல், பகலிலும் சொட்டுவது, நடையில் தடுமாற்றம், தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் குறட்டை, இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே மருத்துவரிடம் போங்கள். தாகமும் எடை குறைவும் சேர்ந்திருந்தால் மறுநாள் என்றுகூட ஒத்திப்போடாதீர்கள். இவை எதுவும் இல்லாமல், வீட்டில் ஒரு சாவு, ஒரு சண்டை, புதுப் பள்ளி, ஒருவர் தொட்ட தகாத தொடுகை என்று மனத்தின் காரணமாகவும் திரும்ப வரலாம். அப்போதும் திட்டினால் பிள்ளை வாயைத் திறக்காது.

விடுதிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் கொங்குப் பக்கத்தில், அதிலும் நாமக்கல் சுற்றுவட்டாரத்தில், நல்ல மதிப்பெண்ணுக்காகப் பிள்ளைகளை ஆறாம் வகுப்பிலேயே விடுதிப் பள்ளிகளில் சேர்க்கிறோம். என் சித்தப்பா பேரனை அப்படிச் சேர்த்தார்கள். இரவில் நனைப்பவன் என்பதை மறைத்துத்தான் சேர்த்தார்கள். இரண்டாவது வாரத்தில் விடுதிக் காப்பாளர் நனைந்த மெத்தையைத் தலையில் வைத்து அவனை மைதானத்தைச் சுற்றி நடக்கவைத்தார். அந்தப் பிள்ளை இன்று கல்லூரியில் படிக்கிறான், கூட்டமாக இருக்கும் எந்த இடத்திலும் தங்கமாட்டான். காப்பாளரை நான் மன்னிக்கவில்லை. ஆனால் அவரிடம் முன்பே பேசாத எங்களையும் நான் விட்டுவிட முடியாது. ஓராண்டு தள்ளிச் சேர்த்திருக்கலாம். மருத்துவம் பார்த்துவிட்டு அனுப்பியிருக்கலாம். காப்பாளரிடம் நேரில் சொல்லி, மேலே ரெக்சின் உறை போட்ட மெத்தையும் கழிப்பறைப் பக்கக் கட்டிலும் கேட்டிருக்கலாம். கேட்க வெட்கப்பட்டோம், மெத்தையைப் பிள்ளை சுமந்தான்.

இப்போது அலாரம் வைத்து ஒன்பதாவது வாரம். போன வாரம் இரண்டு இரவு ஈரம், ஐந்து இரவு உலர். மகன் ஒரு நோட்டில் தானே எழுதுகிறான். ஈரம் என்றால் 'ஈ', உலர் என்றால் 'உ'. நேற்று 'ஈ'. இதில் பின்வாங்கல் வரும், நின்ற பிறகும் சிலருக்குத் திரும்ப வரும், வந்தால் மறுபடி அலாரம் வைக்க வேண்டும் என்று மருத்துவர் முன்பே சொல்லியிருக்கிறார். விரிப்பு மாடிக் கொடியில்தான் காய்கிறது. வீட்டுக்காரர் பார்க்கிறார்.

அடுத்த மாதம் பவானியில் பெரிய மாமா பேத்திக்குக் கல்யாணம். மண்டபத்தில் ஜமக்காளம் விரிப்பார்கள், பிள்ளைகள் வரிசையாகப் படுப்பார்கள். மாத்திரை கொடுக்கலாமா என்று கேட்டேன். கல்யாணச் சாப்பாட்டில் பாயசம் குடிக்க முடியாதே, வேண்டாம் என்றான். கொண்டுபோக வேண்டியவற்றை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறான்: மாற்று டிரவுசர் இரண்டு, ரெக்சின் விரிப்பு ஒன்று, அலாரம், அதற்கு பேட்டரி. அலாரம் அடித்தால் எல்லோரும் எழுந்துவிடுவார்களே என்றேன். "நீங்கள் என் பக்கத்தில் படுத்துக்கொள்ளுங்கள் அப்பா. கேட்டால் நம் இரண்டு பேருக்கும் என்று சொல்லிவிடலாம்" என்றான்.